வெண்புகையும் எஞ்சின் நடுக்கமும்: ஒரே நோயா, இரண்டா?

ஜனவரி மாதத் தில்லி. காலை ஏழு மணி. வெப்பநிலை ஆறேழு டிகிரிக்கு மேல் இராது. வங்கிக் கடன் பெற்றுப் பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி நான்கு மாதங்களே ஆகியிருந்த நண்பர் ஒருவர் அலுவலகத்திற்குப் புறப்பட எஞ்சினை இயக்கினார். ஸ்டியரிங் கையில் நடுங்கியது. எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் விட்டு விட்டு இழுத்தது. பின்புறம் சைலன்சரிலிருந்து வெண்புகை திரண்டு எழுந்தது. அருகிலிருந்த பட்டறைக்குச் சென்றார். அங்கே இருந்தவர் புகையைக் கண்ட மாத்திரத்தில், ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டைக் கழற்றியே ஆகவேண்டும் என்று கூறி ஒரு தொகையை எழுதிக் கொடுத்தார். அது நண்பரின் மாதத் தவணையைப்போல் ஐந்து மடங்கு இருந்தது. அவர் அன்று மாலை என்னைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்ட கேள்வி இதுதான்: "புகையைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?"

அவர் என்னிடம் கேட்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு நாகபுரியில் பணியாற்றியபோது நான் இதற்கு நேர்மாறான தவறு ஒன்றைச் செய்து அதற்குரிய விலையைக் கொடுத்தவன். எனது கார் உண்மையாகவே நோயுற்றிருந்தது; நான் அதை நோய் என்று எண்ணவில்லை. இரண்டு கார்களிலும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றே. முடிவுகள் மட்டும் வேறு. வெண்புகை, நின்ற நிலையில் எஞ்சின் நடுக்கம் ஆகிய இரண்டும் ஒருசேரத் தோன்றும்போது எவ்வாறு ஆராய்வது என்பதை இக்கட்டுரையில் காண்போம். கார் உரிமையாளர் தாமே செய்யக்கூடிய எளிய சோதனைகளிலிருந்து தொடங்கி, பட்டறையில் கேட்டுப் பெறவேண்டிய சோதனைகள் வரை வரிசையாகச் செல்வோம். வரிசை முக்கியம், செலவு குறைந்த சோதனை முதலில், எஞ்சினைத் திறப்பது கடைசியில்.

நீராவியா, புகையா?

பெட்ரோல் என்பது ஹைட்ரஜனும் கார்பனும் சேர்ந்த பொருள். அது எரியும்போது ஹைட்ரஜன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் கூடி நீராகிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகும் என்றால் பலர் நம்பமாட்டார்கள்; ஆனால் அதுவே உண்மை. சி.என்.ஜி. எரிவாயுவில் ஹைட்ரஜனின் பங்கு இன்னும் மிகுதியாதலால் நீரும் மிகுதி. இந்நீர் ஆவியாகவே வெளியேறுவதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புகைக்குழாயும் வெளிக்காற்றும் குளிர்ந்திருக்கும்போது மட்டும் அந்த ஆவி நுண்துளிகளாகி வெண்மையாகத் தோன்றுகிறது. குளிர்காலத்தில் நம் வாயிலிருந்து வரும் மூச்சு தெரிவதைப் போன்றதே இது. புகைக்குழாயின் முனையிலிருந்து சில துளி நீர் சொட்டுவதும் இயல்பே.

ஆகவே முதற்கேள்வி எஞ்சினைப் பற்றியதன்று, வானிலையைப் பற்றியது. தில்லியிலும் சண்டிகரிலும் சிம்லாவிலும் ஜனவரிக் காலையில் வெண்புகை வராத காரைக் காண்பதரிது. அதே புகை நாகபுரியின் மே மாதத்தில், காலை ஏழு மணிக்கே முப்பது டிகிரி இருக்கும் வேளையில், அடர்த்தியாக வந்தால் அதற்கு வானிலை பொறுப்பாகாது. எனது காரில் வந்தது அதுவே. நான் அப்போது இதை எண்ணிப் பார்க்கவில்லை.

இரண்டாவதாக, புகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எவ்வாறு கலைகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். நீராவி குழாயைவிட்டு வெளியேறிய சிறிது தொலைவிலேயே மறைந்துவிடும். எஞ்சினும் புகைக்குழாயும் நன்கு சூடேறியபின், அதாவது பத்துப் பதினைந்து நிமிட ஓட்டத்திற்குப் பின், மிதமான வானிலையில் அது முற்றிலும் நின்றுவிடும். கூலண்ட் எரிவதால் வரும் புகை கனமானது, காரின் பின்னே திரையைப் போலத் தொங்கி நிற்கும், எளிதில் கலையாது, எஞ்சின் சூடேறிய பின்னரும் தொடரும்.

மூன்றாவது சான்று மணம். கூலண்டில் கலந்துள்ள எத்திலீன் கிளைகால் எரியும்போது ஒருவித இனிப்பு மணம் எழும். பாகு காய்வதைப் போன்றது என்று சிலர் கூறுவர். எரியாத பெட்ரோலாயின் பெட்ரோல் பங்கில் வீசும் அதே நெடி. எரியாத டீசலாயின் கண்ணைக் கரிக்கும் நெடி. வெறும் நீராவிக்குத் தனி மணம் இல்லை. ஓர் எச்சரிக்கை: புகைக்குழாயின் அருகில் முகத்தைக் கொண்டுபோய் முகரக்கூடாது. அதில் மணமற்ற கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டு. திறந்த வெளியில், சில அடி தள்ளி நின்று, கையால் காற்றைத் தம் பக்கம் விசிறிக் கண்டுகொள்வதே போதும். மூடிய கேரேஜில் இச்சோதனையைச் செய்யவே கூடாது.

புகை நீலம் கலந்ததாக இருந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கருமையாக இருந்தால் எரிபொருள் அளவுக்கு மிஞ்சிச் செல்கிறது. அவை வேறு பாடங்கள்.

எஞ்சின் ஏன் நடுங்குகிறது?

நான்கு சிலிண்டர் கொண்ட பெட்ரோல் எஞ்சின் ஒன்று நிமிடத்திற்கு 800 சுற்று வேகத்தில் நின்று ஓடுகிறது என்று கொள்வோம். ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடித்து உந்துகிறது. அவ்வாறாயின் நிமிடத்திற்கு 1,600 உந்தல்கள். அவற்றுள் ஒரு சிலிண்டர் வேலை செய்யாவிட்டால் 400 உந்தல்கள் விடுபடுகின்றன. அந்த விடுபாட்டையே நம் கை நடுக்கமாக உணர்கிறது. பட்டறை மொழியில் இதை 'மிஸ்ஸிங்' என்பர். வேகமெடுத்து ஓடும்போது சுழலும் பாகங்களின் விசை இந்த இடைவெளியை ஓரளவு மறைத்துவிடும். நின்ற நிலையில் மறைக்க எதுவும் இல்லை. அதனால்தான் கோளாறு முதலில் சிக்னலில் நிற்கும்போதே தெரிகிறது.

இங்கு ஒரு குறிப்பு. இன்று நம் நாட்டில் விற்பனையாகும் சிறிய கார்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர் எஞ்சின்களே உள்ளன. அவற்றின் அமைப்பிலேயே சற்று அதிர்வு உண்டு. நான்கு சிலிண்டர் காரை விட்டு மூன்று சிலிண்டர் காருக்கு மாறியவர்கள் சிலர் முதல் வாரத்திலேயே பட்டறைக்குச் செல்வதைக் கண்டிருக்கிறேன். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருந்தாலும் எஞ்சின் சீராக ஓடியபடியே கார் மட்டும் நடுங்கும். புகைக்குழாயின் ஒலியைக் கேட்டால் வேறுபாடு புலப்படும்: ஒலி ஒரே தாளத்தில் வந்தால் எஞ்சின் நலமே, இடையிடையே 'புப்' என்று தாளம் தவறினால் மிஸ்ஸிங்.

மிஸ்ஸிங் உண்டாவதற்குக் காரணங்கள் பல. தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில், அடைபட்ட இன்ஜெக்டர், கரி படிந்த த்ராட்டில் பாடி, காற்றை உறிஞ்சும் விரிசல்கண்ட வேக்குவம் குழாய் என்று நீளும் அப்பட்டியலில் ஹெட் கேஸ்கெட்டும் ஒன்று. இவற்றுள் பெரும்பான்மை சில நூறு முதல் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிபவை. மழைக்காலத்தில் இன்னொரு காரணமும் சேரும்: எரிபொருள் தொட்டியில் நீர். எத்தனால் கலந்த பெட்ரோலில் அளவுக்கு மேல் நீர் புகுந்தால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியே பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பம்ப் அதை உறிஞ்சும்போது எஞ்சின் தடுமாறும். பெட்ரோல் நிரப்பிய சிறிது நேரத்திலேயே தொல்லை தொடங்கியதாயின் அந்தப் பங்கின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

'செக் எஞ்சின்' விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். விளக்கு நிலையாக எரிந்தால் விரைவில் காட்டவேண்டும். கண்சிமிட்டினால் வண்டியை ஓரமாக நிறுத்தவேண்டும். எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் சென்று கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை அளவுக்கு மீறிச் சூடாக்குகிறது என்பதே அந்தச் சிமிட்டலின் பொருள். அந்தப் பாகத்தின் விலை ஸ்பார்க் பிளக்கின் விலையைப்போல் பல மடங்கு. விளக்கு எரியும்போது காரின் கணினியில் குறியீடு ஒன்று பதிவாகியிருக்கும். பி 0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி 0302 என்றால் இரண்டாவதில், இவ்வாறே தொடரும். பி 0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று உறுதியாகாமல் பலவற்றில். ஸ்கேனர் கருவி இன்று சிறு பட்டறைகளிலும் இருக்கிறது. குறியீட்டைத் தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள்; எழுதிக்கொள்ளுமுன் அழிக்க விடாதீர்கள்.

இரவில் கசியும் நீர்

இப்போது இரண்டு அறிகுறிகளுக்கும் உண்மையிலேயே காரணம் ஒன்றாக இருக்கும் நிலைக்கு வருவோம். எஞ்சினின் அடிப்பகுதியாகிய பிளாக்கிற்கும் மேல்மூடியாகிய சிலிண்டர் ஹெட்டிற்கும் இடையே அமைந்த மெல்லிய தகடே ஹெட் கேஸ்கெட். சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயு, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட், உராய்வைத் தணிக்கும் ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதன் பணி. ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பிளாக் பல எஞ்சின்களில் வார்ப்பிரும்பு. சூடேறும்போது அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். வழக்கமான வெப்பத்தில் கேஸ்கெட் இந்த வேறுபாட்டைத் தாங்கிக்கொள்ளும். ஒருமுறை எஞ்சின் அளவுக்கு மீறிக் கொதித்துவிட்டால் ஹெட் சற்றே வளைந்து கேஸ்கெட்டின் பிடி தளர்கிறது. பெரும்பாலான கேஸ்கெட் கோளாறுகளுக்கு முன்னோடி ஒரு கொதிப்பே. அதற்கு முன்னோடி பெரும்பாலும் கசியும் ரப்பர் குழாயோ ஓடாத ரேடியேட்டர் மின்விசிறியோ திறக்காத தெர்மோஸ்டாட்டோதான்.

கசிவு தொடங்கியபின் நிகழ்வது வியப்பானது. கசிவின் திசை பகலில் ஒன்று, இரவில் வேறொன்று. எஞ்சின் ஓடும்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிடப் பன்மடங்கு மிகுதி. எனவே வெடித்த வாயு கூலண்டுக்குள் புகுகிறது. கூலண்ட் டப்பாவில் குமிழிகள் எழும்; எஞ்சின் சூடேறுமுன்பே ரேடியேட்டர் குழாய் கல்லைப்போல் இறுகும். எஞ்சினை நிறுத்தியதும் சிலிண்டரின் அழுத்தம் மறைந்துவிடுகிறது. கூலண்டிலோ சூட்டினால் உண்டான அழுத்தம் நெடுநேரம் எஞ்சியிருக்கும். இப்போது கூலண்ட் சிலிண்டருக்குள் துளித்துளியாகக் கசிகிறது. இரவு முழுவதும் சேர்ந்த நீர் காலையில் எஞ்சினை இயக்கும்போது அந்தச் சிலிண்டரின் பிளக்கை நனைத்து அதை வேலைசெய்யவிடாமல் தடுக்கிறது, ஆகவே நடுக்கம். ஒன்றிரண்டு நிமிடத்தில் நீர் ஆவியாகி வெளியேறுகிறது, ஆகவே புகை. பிறகு எஞ்சின் தானாகவே சீராகிவிடுகிறது.

அந்தத் 'தானாகவே சீராவது'தான் என்னை ஏமாற்றியது. ஒரு நிமிட நடுக்கத்திற்குப் பழைய பிளக்கைக் காரணம் காட்டி நான் என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். கூலண்ட் டப்பாவில் அளவு குறைவதைக் கண்டேன்; கோடையல்லவா, வற்றுகிறது என்று எண்ணிக் குழாய்த் தண்ணீரை ஊற்றினேன். மூடிய குளிர்விப்பு அமைப்பில் கோடையானாலும் கூலண்ட் இவ்வாறு வற்றுவதில்லை என்பதை எவரேனும் அப்போது சொல்லியிருக்கலாம். குறைந்தால் அது வெளியே சொட்டியிருக்கவேண்டும், அல்லது எஞ்சின் அதைக் குடித்திருக்கவேண்டும். மூன்றாவது வழி இல்லை. இரண்டு மாதங்கள் இவ்வாறே கழிந்தன.

எனவே வீட்டிலேயே செய்யத்தக்க சோதனைகளுள் மிகச் சிறந்தது செலவே இல்லாதது: அளவைக் குறித்துவைத்தல். காலையில், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது, டப்பாவில் கூலண்ட் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு இடுங்கள். கிலோமீட்டர் அளவையும் எழுதிவையுங்கள். ஒரு வாரம் நாள்தோறும் அதே நிலையில் பாருங்கள். மட்டம் மாறாவிட்டால் வெண்புகைக்குக் கூலண்ட் காரணமாக இருப்பதற்கான வாய்ப்பு மிகவும் குறைவு. குறைந்துகொண்டே வந்து, வண்டியின் அடியில் நிறமுள்ள ஈரமும் இல்லை, உள்ளே தரைவிரிப்பிலும் ஈரம் இல்லையென்றால் ஐயம் வலுக்கிறது.

சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியையோ அழுத்தமுள்ள டப்பாவின் மூடியையோ ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள திரவம் அழுத்தத்தின் காரணமாக நூறு டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த கணத்தில் கொதித்துப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகச்செய்யும். கூலண்ட் நஞ்சு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அதன் இனிப்புச் சுவையால் குழந்தைகளும் நாய் பூனைகளும் அதை நக்கிவிடக்கூடும்.

ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதன் அடியில் பார்க்கும் வழக்கமும் உண்டு. அங்கே பாலாடை நிறத்தில் பசை படிந்திருந்தால் ஆயிலில் நீர் கலந்துள்ளது என்பர். இதில் பாதியே உண்மை. நாள்தோறும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் காரில் எஞ்சின் முழுச்சூட்டை எட்டுவதே இல்லை. உள்ளே உறையும் ஈரம் மூடியின் அடியில் அதே நிறத்தில் படியும், குறிப்பாகக் குளிர்காலத்தில். ஆயில் அளவுகோலை உருவிப் பாருங்கள். அதிலும் ஆயில் பால்கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் எஞ்சினை மறுபடி இயக்கவே வேண்டாம். நீர் கலந்த ஆயில் பேரிங்குகளை அரித்துவிடும். மூடியில் மட்டும் பசை, கோலில் தெளிந்த ஆயில் என்றால் அதனை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். ஆயில் சுத்தமாக இருப்பதாலேயே கேஸ்கெட் நலமென்றும் முடிவுகட்ட முடியாது. எனது காரில் ஆயில் கடைசிவரை சுத்தமாகவே இருந்தது.

பெட்ரோல் கார்களில் அரிதாக, ஆனால் ஆபத்தாக, வேறொன்றும் இதே வேடத்தில் வரும். பிரேக் பூஸ்டர் எஞ்சினின் வேக்குவத்தால் இயங்குவது. அதனோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் சீல் கசிந்தால் பிரேக் ஆயில் எஞ்சினுக்குள் உறிஞ்சப்பட்டு வெண்புகையாகும், எஞ்சினும் நடுங்கும். கூலண்ட் குறையாமல் பிரேக் ஆயில் மட்டும் குறைந்துவந்தால் அந்தக் காரைச் சாலைக்குக் கொண்டுசெல்லாதீர்கள்.

டீசல் கார்களில்

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றில் டீசல் தானே பற்றிக்கொள்ளவேண்டும். போதிய சூடு இல்லாவிட்டால் டீசல் எரியாமல் வெண்புகையாக வெளிவரும், அந்தச் சிலிண்டர் உந்தாது, எஞ்சின் நடுங்கும். ஆகவே டீசலில் குளிர்ந்த நிலையில் வெண்புகையும் நடுக்கமும் சேர்ந்து வந்தால் முதல் ஐயம் க்ளோ பிளக்கின் மீதும் இன்ஜெக்டரின் மீதும் விழவேண்டும், கேஸ்கெட் பிறகுதான். பழைய எஞ்சினாயின் கம்ப்ரெஷன் குறைவும் காரணமாகலாம். இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலைத் தனித்தனிக் குப்பிகளில் பிடித்து அளவை ஒப்பிடும் சோதனை எளியது. எந்த இன்ஜெக்டர் தேய்ந்துள்ளது என்பதைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

கூலண்ட் குறைந்து, ஆனால் கேஸ்கெட் சோதனைகள் அனைத்திலும் தேறிவிட்ட டீசல் காரில் இ.ஜி.ஆர். கூலர் என்னும் பாகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியேறும் புகையில் ஒரு பகுதியைக் கூலண்டால் குளிர்வித்து எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் கருவி அது. அது உள்ளே வெடித்தால் கூலண்ட் நேராகப் புகைவழியில் சேரும். இதற்காக ஹெட்டைக் கழற்றவேண்டியதில்லை. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பின் வந்த டீசல் கார்களில் புகை வடிகட்டி தன்னைத்தானே சூடேற்றிக் கரியை எரித்துக்கொள்ளும் வேளையில் சில நிமிடம் எஞ்சினின் நின்ற வேகம் உயர்வதும் இலேசான வெண்புகை வருவதும் உண்டு. அது கோளாறன்று.

பட்டறையில் கேட்க வேண்டியவை

பட்டறையில் ஜாப் கார்டு எழுதும்போது பெரும்பாலோர் தாமே நோயின் பெயரைச் சொல்லிவிடுகின்றனர்: "ஹெட் கேஸ்கெட் பாருங்கள்." அவ்வாறு எழுதப்பட்டால் பட்டறை கேஸ்கெட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, நீங்கள் கேட்டதைச் செய்தோம் என்று கூறலாம். அறிகுறியை மட்டுமே எழுதச் சொல்லுங்கள்: காலையில் இயக்கியதும் இரண்டு நிமிடம் நடுக்கம், வெண்புகை, இனிப்பு மணம், இத்தனை கிலோமீட்டரில் கூலண்ட் இவ்வளவு குறைவு. புகையைக் கைபேசியில் படம் பிடித்துக் காட்டுங்கள். காரை முந்தைய நாள் மாலையிலேயே விட்டுவைத்து, காலையில் குளிர்ந்த எஞ்சினைத் தங்கள் முன்னிலையில் இயக்கச் சொல்வது இன்னும் நன்று. சூடேறிய காரைப் பார்த்து எவரும் உண்மை சொல்ல முடியாது.

ஹெட்டைக் கழற்ற ஒப்புக்கொள்ளுமுன் கேட்கவேண்டிய சோதனைகள் சிலவே. ரேடியேட்டர் வாயிலில் சிறிய நீலத் திரவக் கருவியைப் பொருத்தி, கூலண்டின் மேலுள்ள காற்றை அதன் வழியே உறிஞ்சவேண்டும். எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். கூலண்டே உள்ளே உறிஞ்சப்பட்டால் சோதனை பயன்படாது என்பதால் மட்டத்தைச் சற்றுக் குறைத்தபின் செய்யவேண்டும். அடுத்தது அழுத்தச் சோதனை. குளிர்ந்த எஞ்சினில் கைப்பம்பினால் ரேடியேட்டர் மூடியில் குறிக்கப்பட்டுள்ள அழுத்தம் வரை ஏற்றி, கால்மணி நேரம் முள்ளைப் பார்க்கவேண்டும். வெளியே எங்கும் சொட்டாமல் முள் இறங்கினால் நீர் உள்ளே செல்கிறது. பின்னர் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால், நீர் புகுந்த சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியால் கழுவப்பட்டு மற்றவற்றைவிடத் துப்புரவாக இருக்கும். எல்லாப் பிளக்குகளும் ஒரே நிறத்தில் இருந்தால் மெக்கானிக்கிடம் தயக்கமின்றி மேலும் கேள்விகள் கேளுங்கள். கம்ப்ரெஷன் சோதனையில் அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் மட்டும் தாழ்ந்திருந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கெட் பிளந்திருக்கிறது எனலாம்.

இச்சோதனைகளுள் இரண்டேனும் ஒரே முடிவைச் சொல்லுமானால் ஹெட்டைக் கழற்றுவதே முறை. அப்போதும் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிட இடங்கொடாதீர்கள். ஹெட்டின் அடிப்பரப்பை நேர்கோலும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்கவேண்டும். பல சிறிய எஞ்சின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மில்லிமீட்டர் அளவே. அதைத் தாண்டினால் லேத் பட்டறையில் சமப்படுத்தவேண்டும். விரிசல் உண்டா என்றும் அழுத்தம் ஏற்றிப் பார்க்கவேண்டும். ஒருமுறை இறுக்கியதும் நீண்டுவிடும் வகையான ஹெட் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கியே பொருத்தவேண்டும். எஞ்சின் எதனால் கொதித்தது என்பதைக் கண்டு அதனையும் சரிசெய்யாவிட்டால் புதிய கேஸ்கெட்டும் பழைய வழியே செல்லும்.

கடைகளில் விற்கும் கசிவு அடைக்கும் திரவத்தைப் பலர் நாடுகின்றனர். ஊர் திரும்பும்வரை அது உதவக்கூடும். ஆனால் அது ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்தே அடைக்கும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

பணக்கணக்கு

எனது காருக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறேன். மே மாத இறுதியில் வார்தா சாலையில் வெப்பமானியின் முள் சிவப்பைத் தொட்டது. வீடு இன்னும் எட்டுக் கிலோமீட்டர்தான் என்று எண்ணி ஓட்டினேன். ஹெட் வளைந்து, சமப்படுத்தவும் இயலாத நிலையை அடைந்தது. மாதக்கணக்கில் கூலண்டைச் சுவாசித்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் பயனற்றுப்போயின. முதல் மாதத்திலேயே பார்த்திருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவைப்போல் மும்மடங்கு ஆயிற்று. அதுவும் நல்லூழே என்றார் மெக்கானிக். இரவில் நீர் இன்னும் மிகுதியாகச் சேர்ந்திருந்தால், நீர் அழுந்தாத பொருளாதலால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போதே கனெக்டிங் ராடு வளைந்திருக்குமாம்.

முழுக் காப்பீடு இருக்கிறதே என்று எண்ணினேன். மோட்டார் காப்பீட்டின் சொந்தச் சேதப் பிரிவு விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் போன்றவற்றுக்கு உரியது. தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின்கோளாறு, ஒன்றின் விளைவாகத் தொடரும் சேதம் ஆகியவை அதன் விலக்குகளுள் அடங்கும். தனிக்கட்டணம் செலுத்திப் பெறும் எஞ்சின் பாதுகாப்புச் சேர்ப்புறுதி, வெளியிலிருந்து நீர் புகுதல் போன்ற நிகழ்வுகளுக்கே பெரும்பாலும் பயன்படும். தேய்ந்த கேஸ்கெட்டுக்கு அன்று. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் இருந்தால் அது உதவக்கூடும். ஆனால் உரிய காலத்தில் சர்வீஸ் செய்த சான்றுகளைக் கேட்பர். கொதிக்கும் எஞ்சினைத் தொடர்ந்து ஓட்டியதை அலட்சியமாகக் கொள்வர். பத்திரத்தின் விலக்குப் பகுதியை இன்றே ஒருமுறை படித்துவிடுங்கள்.

கடனில் வாங்கிய காராயின், அது பட்டறையில் நிற்கும் மாதங்களிலும் தவணை நிற்பதில்லை. இதனை வங்கியில் பணியாற்றுபவன் என்ற முறையில் பலமுறை சொல்ல நேர்ந்திருக்கிறது. பழைய காருக்குக் கடன் கோரும்போது வங்கி பெறும் மதிப்பீட்டு அறிக்கை வண்டியின் விலையையும் ஆவணங்களையும் பற்றியது. அது எஞ்சினின் உள்நலத்துக்குச் சான்றிதழ் அன்று. எனவே பழைய காரைப் பார்க்கச் செல்லும்போது, நான் வரும்வரை எஞ்சினை இயக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சென்றதும் பானட்டின் மீது கை வையுங்கள். சூடாக இருந்தால் அன்று பார்க்காமல் மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்புங்கள். குளிர்ந்த எஞ்சினின் முதல் இரண்டு நிமிடத்தில் தெரிவது, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது.

பட்டறையின் சேவையில் குறை நேர்ந்து, பேசித் தீராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தாங்கள் வசிக்கும் ஊரிலுள்ள ஆணையத்திலேயே முறையிடலாம். எழுத்தில் பெற்ற மதிப்பீடும், ரசீதும், கழற்றிய பழைய பாகங்களும் அப்போது தேவைப்படும். பாகங்களைத் திருப்பித் தரும்படி முதலிலேயே கேட்டுவையுங்கள்.

தில்லி நண்பருக்கு நான் சொன்னது, பத்து நாள் பொறுங்கள், டப்பாவில் கோடு இடுங்கள், ஸ்கேனரில் குறியீட்டைப் பாருங்கள் என்பதே. குறியீடு பி 0302 என்று வந்திருந்தது. செக் எஞ்சின் விளக்கு கண்சிமிட்டாமல் நிலையாகவே எரிந்ததென்றாலும், அந்த நாட்களில் காரை நெடுந்தூரம் எடுக்கவேண்டாம் என்றும் கூறினேன். பத்தாம் நாளும் கூலண்ட் இட்ட கோட்டிலேயே நின்றது. பிளக்குகள் நான்கும் ஒரே நிறம். வேறொரு மெக்கானிக் இரண்டாம் சிலிண்டரின் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டினார். குறியீடு பி 0303 ஆயிற்று. கோளாறு காயிலோடு இடம் மாறியதால், கோளாறு காயிலில்தான். புதிய காயில் பொருத்தியதும் நடுக்கம் அன்றே நின்றது. வெண்புகை மட்டும் பிப்ரவரி நடுப்பகுதிவரை வந்துகொண்டுதான் இருந்தது, அந்தத் தெருவில் நின்ற மற்றக் கார்களில் வந்ததைப் போலவே.